எரிப்பதற்குக் கட்டிய லயம்

படக்காரர்கள் என்னை வேலைக்கு எடுத்தது குப்பை பார்க்க. அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அவர்களுடைய தொடரை வெளிநாட்டுச் சேனல் ஒன்று வாங்க ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால், சுற்றாடலுக்குக் கேடு வராமல் எடுத்தோம் என்று ஒரு பச்சை முத்திரை வேண்டுமென்று நிபந்தனை போட்டுவிட்டது. முத்திரை வேண்டுமென்றால் கூடவே நின்று கவனிக்க ஓர் ஆள் வேண்டும். நான் அதற்கு முன்னால் ஒரு நகரசபையின் குப்பைப் பிரிவில் மாரடித்தவள். ஊர் பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎல. தமிழும் சிங்களமும் பேசுவேன், சண்டையும் பிடிப்பேன். கடைசித் தகுதியை அவர்கள் விசாரிக்கவில்லை.

சேர்ந்த அன்றே பச்சை நிறத்தில் கையில்லாத ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு முதல் வேலையாக, சோறு கட்டுகிற பொலித்தீன் லஞ்ச் சீட்டை நிறுத்தினேன். சோறு வாழையிலைக்கு மாறியது. தண்ணீர்ப் போத்தல் போய் ஆளுக்கொரு சில்வர் கோப்பை வந்தது. கதாநாயகியின் வேனில் ஆளே இல்லாமல் ஏசி ஓடினால், டிரைவரின் தூக்கத்தைக் கலைத்து அணைக்க வைத்தேன். யூனிட்டில் எனக்குக் ‘குப்பை மிஸ்’ என்று பெயர். முகத்துக்கு முன்னால் ‘தனுஜா மிஸ்’. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

இயக்குநர் ரஜீவ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் பாடு சுலபமாகியிருக்கும். கொழும்பில் வளர்ந்தவர், குரல் உயர்த்தாதவர், சாப்பிட்ட இலையைத் தானே எடுத்துப் போடுபவர். “எங்க அப்பா லுணுகலைப் பக்கம் ஒரு லயத்துல பொறந்தவர்” என்பதை வாரம் தவறாமல் யாரிடமாவது சொல்லிவிடுவார். அந்த அப்பாவின் காலத்து லயத்தை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீட்டைத்தான் படத்தில் காட்ட வேண்டும். நாங்கள் படம் எடுத்த, நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் லயங்களுக்கு என்ன பஞ்சம்? ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் டிஷ் அன்டெனா. வாசலில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. ஆகவே பழைய லயம் ஒன்றைப் புதிதாகக் கட்டுவதென்று முடிவானது.

கலைப் பிரிவுக்காரர்கள் சுவருக்கு ரெஜிபோம் என்கிற பிளாஸ்டிக் நுரைப் பலகையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். லொறியைத் திருப்பி அனுப்பினேன். “சுவர் பலகையில இருக்கட்டும், மேலே மண் பூசுங்க, கூரைக்கு நல்ல தகரம் போடுங்க. படம் முடிஞ்சதும் ஒண்ணையும் வீசாம இந்தத் தோட்டத்து ஆட்களுக்கே குடுத்துறலாம்” என்றேன். ரஜீவ் தலையை ஆட்டினார். “அருமையான யோசனை தனுஜா, அப்படியே செய்வோம்” என்றார். அந்த வாயால்தான் சொன்னார்.

கொடுப்பதற்கு ஆட்களும் அங்கேயே இருந்தார்கள். போன கார்த்திகை மழையில் மேல் லயத்துக்குப் பின்னால் மலை இறங்கி, ஆறு குடும்பம் இருந்த ஆறு காம்பராவை, அறைகளை, மண் மூடிவிட்டது. உயிர் தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஆறு குடும்பமும் பிள்ளைக்காம்பராவில் இருந்தன. தாய்மார் கொழுந்துக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற ஒற்றை மண்டபம் அது. சேலைகளைக் கட்டி ஆறாகப் பிரித்திருந்தார்கள். ஒரு சேலைக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் குழம்பை மூடுவார்கள். விளையாட்டுப் பொட்டல் ஒன்றுதான் மண் சரியாத இடம், அங்கே வீடு கட்டித் தரலாம் என்று மண்சரிவைப் பார்க்க வந்த அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். தோட்ட நிர்வாகம் யோசித்துக்கொண்டே இருந்தது. படக்காரர்கள் கேட்டதும் அதே பொட்டலை அதே வாரத்தில் கொடுத்தது.

அந்த ஆறு குடும்பங்களில் ஒன்று பாக்கியலெட்சுமியக்காவுடையது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கொழுந்தெடுப்பவள். வாய் சும்மா இருக்காது. அவளும் மற்றப் பெண்களும் துணை நடிகைகளாகச் சேர்ந்திருந்தார்கள். அவள் புருஷன் அழகையா தச்சு வேலைக்குச் சேர்ந்திருந்தார். பலகையும் தகரமும் பிறகு உங்களுக்குத்தான் என்று அவளிடம் நான் சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மெய்யாவா மிஸ்? இல்ல, எலெக்சன் பேச்சா?”

“மெய்தான்க்கா. நான் பொறுப்பு.”

“அப்ப ஆணிய இறுக்கி அடிக்கச் சொல்றேன்” என்றாள். அழகையா அப்படித்தான் அடித்தார். செட்டுக்கு எதற்கு இவ்வளவு ஆணி என்று கலைப் பிரிவுக்காரர்கள் சிரித்தார்கள். புதுத் தகரத்துக்குக் காவிமண்ணைக் குழைத்துத் துருப்பிடித்த மாதிரி நிறம் பூசினார்கள். துருவின் மேல் புதுசு மாதிரி நிறம் பூசிப் பழகிய சனங்கள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறு காம்பராவும் எழும்பின. முன்சுவர் உண்டு, கூரை உண்டு, இரண்டு காம்பராவுக்கு நடுவே தடுப்பு உண்டு, உள்ளே களிமண் அடுப்பும் உண்டு. பின்சுவர் மட்டும் கிடையாது. கேமரா அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

முதல் காலை எடுக்க வேண்டிய காட்சி, பனிக்குள்ளே ஆறு கூரையிலிருந்தும் புகை எழும்புவது. புகை மெஷினை நான் ஏற்கெனவே தடுத்திருந்தேன், அதில் ஊற்றுகிற மருந்து ஓடையில் கலக்கும் என்று. ஆகவே தயாரிப்பு மேலாளர் அஜந்தன், பதுளைப் பையன், விடியற்காலையிலேயே பெண்களிடம் போய் அடுப்பை மூட்டச் சொன்னான். யாரும் அசையவில்லை. என்னவோ சம்பளத் தகராறு என்று நினைத்து என்னைக் கூப்பிட்டான்.

“புது அடுப்புல சும்மா எப்புடி மிஸ் நெருப்பு வைக்கிறது?” என்றாள் பாக்கியலெட்சுமியக்கா. “பால் வரட்டும். ஆள் போயிருக்கு.”

“அக்கா, பின்சுவரே இல்லாத வீட்டுல பால் காய்ச்சுறீங்களே.”

“எங்க வீட்டுக்கு இப்ப முன்சுவரும் இல்ல மிஸ். இதுல ஒண்ணாவது இருக்கு.”

அஜந்தனைக் காத்திருக்கச் சொன்னேன். மாட்டுக்காரர் வீட்டிலிருந்து பால் வந்தது. ஆறு பேரும் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் செருகினார்கள். கடைசிக் காம்பராவுக்குரிய நேசராணியக்கா வேதக்காரி. அவள் கதவு நிலையில் சிலுவை வரைந்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, அப்புறம் பாலையும் வைத்தாள். ஆண்டவர் கோபிக்க மாட்டாரா என்று யாரோ கேலி செய்ததற்கு, “பாலக் கண்டுபிடிச்சதே அவருதான்” என்றாள். ஆறு பானையிலும் பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. நடிப்பென்று ஒருத்தி முகத்திலும் இல்லை. பாக்கியலெட்சுமியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புகைதான் என்றாள்.

கேமராக்காரர் சந்தோஷத்தில் மிதந்தார். ரஜீவ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கேக்காமலே கிடைச்சுது பாருங்க, இதுதான் உண்மை” என்றார். அன்றைக்கு எனக்கும் அவரைப் பிடித்திருந்தது.

படம் முடிய நான்கைந்து நாள் இருக்கும்போது சேனலிலிருந்து பேச்சு வந்தது. முடிவு சப்பென்று இருக்கிறதாம். கொளுத்திப் போடுகிற மாதிரி ஏதாவது வேண்டுமாம். ரஜீவ் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கடைசிக் காட்சியில் லயம் முழுவதும் எரியும், பெண்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள், சாயங்கால வெளிச்சத்தில் ஒரே தடவையில் எடுப்போம் என்று எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

நான் எழுந்தேன். “அது கொடுக்கிறதுக்குச் சொன்ன லயம்.”

“தெரியும் தனுஜா. எனக்கும் மனசுக்குக் கஷ்டம்தான். ஆனா கதை கேக்குது.”

“கதைக்கு வாய் இல்ல. நீங்கதான் கேக்கிறீங்க.”

யாரோ சிரித்தார்கள். ரஜீவ் சிரிக்கவில்லை. “சரி, உங்க விதிப்படியே பேசுவோம். ரெஜிபோம் வேணாம்னீங்க, இல்லை. கெமிக்கல் பெயின்ட் வேணாம்னீங்க, அதுவும் இல்லை. இப்ப அங்க நிக்கிறது சுத்த மரமும் மண்ணும். விறகு எரியிற மாதிரித்தான் எரியும். எந்த விதியில இடிக்குது, சொல்லுங்க.”

எந்த விதியிலும் இடிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். எதை எரிக்கலாம், எவ்வளவு எரிக்கலாம் என்று விதி இருந்தது. யார் வீட்டை எரிக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. நான் அடம்பிடித்துச் சுத்தமாக்கிக் கொடுத்த மரம், எரிக்கத் தோதான மரமாகிவிட்டது. என் கையாலேயே விறகு அடுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

“எரிக்கிற மரத்துக்குப் பதிலா நூறு கன்று நடுவோம்” என்றார் ரஜீவ். “அந்த ஆறு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு பெரிய தார்ப்பாய் வாங்கிக் குடுப்போம்.”

“தார்ப்பாய் பிளாஸ்டிக்” என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. கோபம் வந்தால் எனக்கு முதலில் கண்ணில்தான் வரும். அழுகிற முகத்தை அவர்களுக்குக் காட்டப் பிடிக்காமல் இறங்கிப் போனேன்.

பாக்கியலெட்சுமியக்கா பிள்ளைக்காம்பரா வாசலில் உட்கார்ந்து கொழுந்துக் கூடைக்கு நார் மாற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நாளைக்குச் சாயங்காலம் எரிக்கப் போகிறார்கள். நான் சொன்னது எடுபடவில்லை. பலகையும் இல்லை, தகரமும் இல்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஒன்று விளங்கவில்லை.

“பால் பொங்குன வீட்ட எப்புடி மிஸ் எரிப்பாங்க?”

“அவங்களுக்கு அது செட்டுக்கா.”

“நாங்க பால் காய்ச்சையில முன்னாடியே கேமராவ வச்சுக்கிட்டு நின்னாங்களே. பாத்தாங்கதான?”

“பாத்தாங்க. நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க.”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். உள்ளே திரும்பி, “ஏய் நேசராணி, சேலைய எல்லாம் அவுரு” என்றாள். “எதுக்குடி?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “குடி போறோம்.”

மறுநாள் பெரட்டுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, அந்த ஆறு வீட்டிலிருந்தும் யாரும் போகவில்லை. பொழுது விடிந்து யூனிட் வேன்கள் பொட்டலுக்கு இறங்கி வந்தபோது, லயத்தில் குடியேறி முடிந்திருந்தது. பாய், பானை, தையல் மெஷின், பள்ளிக்கூடப் பை, சாமிப் படம், வேளாங்கண்ணி மாதா, ஒரு டீவிப் பெட்டி எல்லாம் உள்ளே. கொடியில் துணி காய்ந்தது. அழகையாவும் மற்ற ஆண்களும் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த பழைய தகரங்களைப் பின்பக்கம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கேமரா போகிற வழி அடைபட்டுவிட்டது. ஆறு கூரையிலிருந்தும் புகை வந்தது, யாரும் கேட்காமலே.

ரஜீவ் வேனிலிருந்து இறங்கி அப்படியே நின்றார். முதலில் அவர் கண்ணில் ஓர் ஆசை ஓடியதை நான் பார்த்தேன், இதைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்கிற ஆசை. பிறகுதான் விஷயம் உறைத்தது.

“அக்கா, இது என்ன வேலை? இது வெறும் செட்.”

“நீங்க கட்டுறப்ப செட்டு. நாங்க பால் காய்ச்சினதும் வீடு” என்றாள் பாக்கியலெட்சுமியக்கா. குரலில் சண்டை இல்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். “ஒங்க அப்பா லயத்துல பொறந்தவருன்னு சொன்னீங்கள்ல. ரோட்டுக்கு ஏறி அவருக்கு போன் போட்டுக் கேளுங்க, பால் பொங்குன வீட்ட எரிக்கலாமான்னு. எரிக்கலாம்னு அவரு சொன்னா நாங்களே நெருப்புக்குச்சி எடுத்துத் தர்றோம்.”

ரஜீவின் கை சட்டைப் பைக்குப் போனது. போனை எடுக்கவில்லை. பைக்குள்ளேயே கை நின்றுவிட்டது.

அஜந்தன் ஓடிப்போய்த் தோட்டத்து மெனேஜரை அழைத்து வந்தான். மெனேஜர் ஜீப்பை விட்டு இறங்காமலே பேசினார். இது தோட்டத்து நிலம். மாசக் கடைசி வரைக்கும் படக் கம்பனிக்குக் கொடுத்திருக்கிறது. உங்களுக்குக் கொடுக்கவில்லை. உடனே வெளியேறாவிட்டால் பொலிஸைக் கூப்பிட வேண்டி வரும்.

“படத்துக்கு லயம் கட்ட எடம் இருக்கு தொரை” என்றாள் அவள். “ஆளுக்கு லயம் கட்டத்தான் எடம் இல்ல. பொலிசு வரட்டும். வந்து பாக்கட்டும், எது பொய் லயம், எது மெய் லயம்னு.”

நேசராணியக்கா வாசலில் வந்து நின்றுகொண்டாள். அடுத்த காம்பரா ஜெயந்தினி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி. யாரும் கோஷம் போடவில்லை. அடுப்பில் சோறு கொதித்தது, நடுநடுவே உள்ளே போய்க் கிளறிவிட்டு வந்து நின்றார்கள்.

ரஜீவ் என்னிடம் வந்தார். “தனுஜா, நீங்க சொன்னா கேப்பாங்க. உங்க ஆட்கள்தானே. தயவுசெஞ்சு பேசுங்க. சாயங்காலம் வெளிச்சம் போயிட்டா எல்லாம் போச்சு.”

உங்க ஆட்கள் என்றாரே, அங்கேதான் எனக்குச் சுள்ளென்று ஏறியது. அப்பா பிறந்த லயத்தை வாரம் தவறாமல் சொல்கிறவர், அவசரம் வந்ததும் ஆட்களை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் பச்சை ஜாக்கெட்டைக் கழற்றினேன். மடித்து, இயக்குநர் என்று எழுதிய அவருடைய நாற்காலியில் வைத்தேன்.

“பேசுறேன்” என்றேன். “ஆனா அவங்ககிட்ட இல்ல. சேனல்கிட்ட. இந்தப் பொட்டல்ல சிக்னல் இல்லை, ரோட்டுக்கு ஏறணும். நீங்க நெருப்பு வைக்கக் கிளம்பினா ஏறுவேன். இங்க எரிக்கப் போறது செட் இல்ல, ஆள் குடியிருக்கிற வீடுன்னு சொல்லுவேன். எரிச்சீங்கன்னா உங்க முத்திரைக்கு என் பேர் வராது. வேற ஆளைப் பாத்துக்கோங்க.”

“உங்க வேலை போயிரும்.”

“போகட்டும். குப்பை எல்லா ஊர்லயும் இருக்கு.”

சொல்வது எனக்கு லேசாக இருக்கவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் உலையில் விழுந்தது. மனசு மாறுவதற்குள் விறுவிறுவென்று நடந்து, பாக்கியலெட்சுமியக்காவின் வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். அவள் பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். குடி வந்த வீட்டில் முதல் விருந்தாளி நான்தான் என்றாள்.

நேரம் போனது. மத்தியான வெயில் ஏறி இறங்கியது. செட்டை எரிக்க வந்திருந்த நெருப்புக்காரர்கள் தங்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். கடைசியில் அஜந்தன்தான் ரஜீவுக்குப் பக்கத்தில் போய், எங்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். “சேர், உள்ளுக்கு ஆள் இருக்கையில நெருப்பு வச்சா படத்துக்குப் பேர் வராது. கேஸ்தான் வரும். சாமானை ஏத்திட்டுப் போயிருவோம்.”

மெனேஜரின் ஜீப் முதலில் போனது. நெருப்புக்காரர்களின் லொறி அதற்கடுத்து. ரஜீவ் கடைசி வரைக்கும் நின்றார். போகும்போது எங்கள் வாசலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பாக்கியலெட்சுமியக்கா, “வாங்க, சோறு ஆயிருச்சு” என்றாள். மெய்யாகவே கூப்பிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பிறகு கொழும்பில் ஏதோ ஒரு கொட்டகைக்குள் முழ உயரத்துக்கு லயம் ஒன்று செய்து எரித்துக்கொண்டார்களாம். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாதாம். அப்படியென்றால் ஆறு வீட்டை எதற்காகக் கேட்டார்கள் என்பதை இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

எனக்கு வேலை போனது. ஹாலிஎலயில் வீட்டிலிருந்தேன். அம்மா ஒரு வாரம் பேசவில்லை, பிறகு பேச ஆரம்பித்துப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்க வைத்தாள். ஒரு நாள் அஜந்தன் போன் பண்ணினான். “அக்கா, ஞாயித்துக்கிழமை பொட்டலுக்கு வாங்க. வீட்ட அந்த ஆட்களுக்கே குடுக்கப் போறாங்க. விழா வச்சு. சேனல் வீடியோ எடுக்குது.”

என் இடத்துக்கு வந்த புது ஆள் கண்டுபிடித்த யோசனையாம். செட்டை வீசாமல் சமூகத்துக்குக் கையளித்தால் முத்திரைக்குக் கூடுதல் மதிப்பு. நான் முதல் வாரத்தில் சொன்ன அதே யோசனை, வேறு பெயரில், பூமாலை போட்டு வருகிறது. எரிச்சலில் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு பதுளைக்கு ஒரு பஸ், பசறை வழியாக நமுனுகுலவுக்கு ஒரு பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். மனசு கேட்கவில்லை.

பொட்டலில் பந்தல் போட்டிருந்தார்கள். “படக் குழுவின் பசுமை அன்பளிப்பு” என்று பிளாஸ்டிக் பேனர் தொங்கியது. ஆறு காம்பராவின் கதவிலும் விழாவுக்கென்று போட்ட ஆறு புதுப் பூட்டு. சிவப்பு ரிப்பன் கட்டிய சாவிகள் ஒரு தட்டில். மேசைக்குப் பின்னால் மெனேஜர், ரஜீவ், கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர். இந்தத் தடவை மெனேஜர் ஜீப்பை விட்டு இறங்கியிருந்தார்.

பெண்கள் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். பாக்கியலெட்சுமியக்கா தலையில் பூ வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நெருங்கிப் போய்க் காதோடு கேட்டேன்.

“வாங்கப் போறீங்களாக்கா?”

“வாங்குனா என்ன கொறஞ்சு போச்சு மிஸ். நம்மளோடதுதான். அவங்க குடுத்ததா சொல்லிட்டுப் போகட்டும். மேல மழை பெய்யாம இருந்தா சரி.”

அவள் சொன்னது நியாயம். வீறாப்பு என்னுடையது, கூரை அவளுடையது. நான் ஒதுங்கி நின்றேன்.

முதல் பெயராக அவளைக் கூப்பிட்டார்கள். கேமரா சுற்றி வந்தது. மெனேஜர் மைக்கைப் பிடித்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். இந்தக் காம்பராக்கள் படக் கம்பனியின் அன்பளிப்பு. தோட்ட நிர்வாகத்தின் பெருந்தன்மையால் இவற்றில் குடியிருக்க இந்தக் குடும்பங்களுக்குத் தற்காலிகமாக அனுமதி. நிர்வாகம் வேறு முடிவு எடுக்கும்போது இடத்தை ஒப்படைத்துவிட வேண்டும். சாவியை வாங்குபவர்கள் இதற்குச் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.

பாக்கியலெட்சுமியக்காவின் கை தட்டுக்கு மேலே நீண்டிருந்தது. சாவியின் ரிப்பன் விரலில் பட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சாவியை வாங்கினால், போ என்று சொல்கிற நாளில் போகவும் ஒத்துக்கொண்டதாகிவிடும். மேலே கூரை, காலுக்குக் கீழே யாரோ இழுக்கக் காத்திருக்கிற பாய். அவளுக்கு விளங்கிவிட்டதென்று முகத்தில் தெரிந்தது. ரஜீவ் மெதுவாக, “எடுங்க அக்கா, கேமராவைப் பாத்து” என்றார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“தற்காலிகமான்னா எதுவரைக்கும் தொரை?”

“அது நிர்வாகம் சொல்லும்” என்றார் மெனேஜர். “இப்போதைக்கு வாங்கிக்க.”

அவள் மேசையை விட்டு ஓரடி பின்னால் வந்தாள். மைக் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. தேவைப்படவும் இல்லை. மலையிலிருந்து மலைக்குக் கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரல் அது.

“எங்க பாட்டன் பூட்டனையும் தற்காலிகமாத்தான் இந்த மலைக்குக் கூட்டியாந்தாங்க தொரை. இருநூறு வருசமாச்சு. இன்னும் அதே சொல்லையே சொல்றீங்க. சாவிய நீங்களே வச்சுக்கங்க. நாங்க கதவைத் தொறந்தே போட்டுக்கிட்டு இருந்துக்கிறோம்.”

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். நேசராணியக்கா எழுந்திருக்கவில்லை. ஜெயந்தினியைக் கூப்பிட்டார்கள். அவள் குழந்தைக்கு மூக்குச் சிந்திக்கொண்டிருந்தாள். ஆறு பெயரும் கூப்பிட்டு முடிந்தது. தட்டில் ஆறு சாவியும் அப்படியே கிடந்தன. கேமராக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ரஜீவைப் பார்க்க, ரஜீவ் தரையைப் பார்த்தார்.

பாக்கியலெட்சுமியக்கா என் கையைப் பிடித்து லயத்துப் பக்கம் இழுத்தாள். அவள் கை ஜில்லென்றிருந்தது, பயந்திருக்கிறாள். அழகையா அதற்குள் சுத்தியலோடு வந்து, கதவில் போட்டிருந்த புதுப் பூட்டை அடித்துக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.